எண்முகி அணைவும் டி-ஆர்பிட்டால் பிளப்பும்: அரியர் வைத்துத் தேறியவனின் வழிகாட்டி

பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு கனிம வேதியியல் தாளில் எனக்கு 31 மதிப்பெண். தேற 40 வேண்டும். கட்டணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். பத்து மதிப்பெண் கேள்வி ஒன்றுக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் சிவப்பு மையில் ஒன்றரை. நடுவில் ஓர் உலோக அயனி, சுற்றிலும் ஆறு ஈனிகள் (உலோகத்தோடு சேரும் மூலக்கூறு அல்லது அயனி) இருந்தால் அது எண்முகி அணைவு. அந்த ஈனிகளால் உலோகத்தின் ஐந்து டி-ஆர்பிட்டால்களும் (எலக்ட்ரான்களுக்கான இடங்கள்) ஆற்றலில் மேல், கீழ் என இரண்டாகப் பிரிவதுதான் பிளப்பு. அந்தப் பிளப்பு வரைபடத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். மேலே மூன்று கோடு, கீழே இரண்டு கோடு. அது நான்கு ஈனிகள் சூழும் நான்முகிக்கு உரியது. முதல் படம் தப்பானதும் அதை நம்பிப் போட்ட கணக்கு, காந்தப் பண்பு, நிறம் எல்லாம் வரிசையாகக் கவிழ்ந்துவிட்டன.

படிக்காமல் போனதால் வந்த வினை இல்லை இது. படித்தேன், வரிசை தெரியாமல் படித்தேன். கோபியிலிருந்து ஈரோட்டுக்குப் பஸ்ஸில் போகும் ஒரு மணி நேரமும் ஈனிகளின் வரிசையை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே போவேன். ஆறு ஈனிகளும் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியில் தொடங்கியிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

1. முதலில் காகிதங்கள்

பாடத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கோப்பில் இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொகுதி எண் போட்ட தனிம வரிசை அட்டவணை ஒன்று. பிளஸ் டூ வேதியியல் முதல் தொகுதியில் வரும் அணைவு வேதியியல் பாடம். பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும். "கல்லூரிக்கு வந்த பிறகு பள்ளிப் புத்தகமா" என்று நினைக்காதீர்கள், தமிழ்க் கலைச்சொற்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அப்புறம் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஐந்து வருட வினாத்தாள்கள். ஜெராக்ஸ் செலவு ஐம்பது ரூபாயைத் தாண்டாது.

அரியர் எழுதுபவராக இருந்தால் பழைய மதிப்பெண் பட்டியல் நகல், தேர்வுக் கட்டணம் கட்டிய ரசீது, ஹால் டிக்கெட் மூன்றையும் அதே கோப்பில் வையுங்கள். கட்டணம் கட்டக் கடைசி நாள் தவறினால் அபராதம், அதையும் தவறவிட்டால் அடுத்த பருவம்தான். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நான் காத்திருந்தேன். ஒட்டினார்கள், அதன்மேல் விளையாட்டு விழா நோட்டீசையும் ஒட்டினார்கள்.

தடிமனான வெளிநாட்டுப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். வாங்கியே தீரவேண்டும் என்றால் ஆகஸ்ட்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வரைக்கும் பொறுங்கள், தள்ளுபடி கிடைக்கும்.

2. ஒரு உருளைக்கிழங்கு, ஆறு ஈர்க்குச்சி

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். என்னுடைய 31 இங்கேதான் கிடைத்தது.

சமையலறையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்குமாற்றிலிருந்து ஆறு ஈர்க்குச்சி உருவிக்கொள்ளுங்கள். (எங்கள் அம்மிச்சி, "ஏங்கண்ணு, கெழங்குக்கு ஊசி போடறயா?" என்று கேட்டார்.) மேலே ஒன்று, கீழே ஒன்று, முன்னால், பின்னால், இடது, வலது என்று குத்துங்கள். கிழங்குதான் உலோக அயனி. குச்சிகளின் நுனியில் ஆறு ஈனிகள். மேல்-கீழ் குச்சி இசட் அச்சு, மற்ற இரண்டு சோடிகளும் எக்ஸ், ஒய் அச்சுகள்.

இப்போது ஐந்து டி-ஆர்பிட்டால்களையும் இந்தக் கிழங்கின்மேல் மனத்தால் பொருத்துங்கள். எக்ஸ்ஒய், ஒய்இசட், எக்ஸ்இசட் என்ற மூன்றின் இதழ்களும் குச்சிகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் விழுகின்றன. எக்ஸ்²-ஒய்² நான்கு குச்சிகளை நேருக்கு நேர் பார்க்கிறது. இசட்² மேலும் கீழும் உள்ள குச்சிகளைப் பார்க்கிறது, இடுப்பில் ஒரு வளையமும் கட்டியிருக்கிறது.

ஈனி எலக்ட்ரான் இணையோடு வருகிறது. அதன் வழியில் நேராக நிற்கும் ஆர்பிட்டாலில் ஓர் எலக்ட்ரான் இருந்தால் விலக்கம் அதிகம், ஆற்றல் ஏறுகிறது. சந்தில் ஒதுங்கி நிற்பவற்றுக்கு விலக்கம் குறைவு, ஆற்றல் இறங்குகிறது. ஆகவே எண்முகியில் இரண்டு மேலே, மூன்று கீழே. இதை நினைவில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை, கிழங்கைப் பார்த்தால் தெரியும். நான்முகியில் ஈனிகள் சந்துகளின் பக்கமாக வருகின்றன, அதனால்தான் அங்கே தலைகீழ்.

பெயர் பற்றி ஒன்று. கீழ் மூன்றுக்கும் மேல் இரண்டுக்கும் பாடநூலில் எழுத்துக் குறியீடுகள் உண்டு. கீழ் மூன்றின் குறியீட்டில் வரும் எழுத்து வேறு, ஆர்பிட்டாலின் பெயரில் வரும் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் 'டி' ஆகிவிடும். அந்தக் குழப்பம் வேண்டாம் என்று இந்தக் கட்டுரையில் கீழ் மூன்றைக் கீழ்த்தளம் என்றும் மேல் இரண்டை மாடி என்றும் சொல்கிறேன். தேர்வில் பாடநூல் குறியீட்டையே எழுதுங்கள். "மாடி" என்று எழுதினால் திருத்துபவர் சிரிப்பார், மதிப்பெண் போடமாட்டார்.

கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் உள்ள இடைவெளிதான் டெல்டா. ஐந்து ஆர்பிட்டாலின் சராசரி மாறக்கூடாது என்பதால் மாடி 0.6 டெல்டா ஏறினால் கீழ்த்தளம் 0.4 டெல்டா இறங்க வேண்டும். இரண்டு பேர் 0.6 ஏறினால் 1.2, மூன்று பேர் 0.4 இறங்கினாலும் 1.2. கணக்கு நேராகிவிட்டது.

வழுக்கும் இடம்: இசட்² பார்ப்பதற்கு வேறு மாதிரி இருக்கிறதே, அது எப்படி எக்ஸ்²-ஒய்² உடன் ஒரே ஆற்றலில் இருக்கும் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். இசட்² என்பது இசட்²-எக்ஸ்², இசட்²-ஒய்² என்ற இரண்டு நான்கிதழ் ஆர்பிட்டால்களின் சேர்க்கை. வளையம் அப்படித்தான் வந்தது.

3. எலக்ட்ரானை எண்ணுங்கள், 4எஸ்-ஐ மறந்துவிட்டு

தொகுதி எண்ணிலிருந்து ஆக்ஸிஜனேற்ற எண்ணைக் கழியுங்கள். அவ்வளவுதான். இரும்பு 8ஆம் தொகுதி, இரும்பு(2+) என்றால் 8-2=6, டி⁶, அதாவது டி-யில் ஆறு எலக்ட்ரான். கோபால்ட் 9, கோபால்ட்(3+) என்றால் அதுவும் டி⁶. குரோமியம்(3+) டி³. தாமிரம்(2+) டி⁹.

இரும்பு அணுவில் 3டி⁶ 4எஸ்² என்று பார்த்துவிட்டு, இரண்டு எலக்ட்ரான் டி-யிலிருந்து போனதாக எண்ணி டி⁴ என்று எழுதுபவர்கள் வகுப்புக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். அயனியாகும்போது 4எஸ்தான் முதலில் காலியாகும்.

ஈனியின் மின்சுமையைக் கழிக்க மறக்காதீர்கள். ஆறு சயனைடு சேர்ந்தால் -6. மொத்தச் சுமை -4 என்றால் இரும்பு +2. மொத்தம் -3 என்றால் இரும்பு +3, அது டி⁵.

4. டெல்டா எவ்வளவு?

மூன்று விஷயம் பார்க்க வேண்டும். உலோகத்தின் சுமை, உலோகம் எந்த வரிசையில் இருக்கிறது, ஈனி எது.

சுமை கூடினால் டெல்டா கூடும். ஆறு அமோனியா சூழ்ந்த கோபால்ட்(2+) அணைவில் சுமார் 10,000 செ.மீ.⁻¹ (நிறமாலையில் ஆற்றலை அளக்கும் அலகு), அதே ஆறு அமோனியாவுடன் கோபால்ட்(3+) ஆனால் சுமார் 23,000. இரண்டு மடங்குக்கும் மேல். தனிம வரிசையில் கீழே போனாலும் கூடும்: அதே அமோனியா அணைவில் கோபால்ட்(3+) 23,000, ரோடியம்(3+) 34,000, இரிடியம்(3+) 41,000. அதனால்தான் 4டி, 5டி உலோகங்களின் எண்முகி அணைவுகள் ஏறக்குறைய எல்லாமே தாழ் சுழற்சி (எலக்ட்ரான்கள் மாடி ஏறாமல் கீழ்த்தளத்திலேயே இணைசேர்வது, அடுத்த படியில் வரும்). கேள்வியில் ரோடியம், இரிடியம், பிளாட்டினம் என்று வந்தால் யோசிக்காமல் தாழ் சுழற்சி என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

ஈனிக்கு நிறமாலை வேதிவரிசை. நீளமான பட்டியல் தேவையில்லை, இதுபோதும்: அயோடைடு, புரோமைடு, குளோரைடு, ஃபுளோரைடு, ஹைட்ராக்சைடு, நீர், அமோனியா, எத்திலீன்டைஅமீன், நைட்ரைட் (நைட்ரஜன் வழியாக), சயனைடு, கார்பன் மோனாக்சைடு. இடமிருந்து வலமாக டெல்டா வளரும். குரோமியம்(3+) எடுத்துக்கொண்டால் நீருடன் 17,400, அமோனியாவுடன் சுமார் 21,500, சயனைடுடன் 26,600 செ.மீ.⁻¹.

"வலுவான ஈனி" என்றால் உலோகத்தோடு இறுக்கமாக ஒட்டுகிற ஈனி என்று பொருள் இல்லை. பெரிய பிளப்பைத் தருகிற ஈனி என்றுதான் பொருள். நான் ஒன்றரைப் பக்கம் இதைத் தவறாக விளக்கியிருந்தேன்.

அலகு மாற்ற ஓர் எண்ணை உள்ளங்கையில் எழுதாத குறையாக நினைவில் வையுங்கள்: 1 கிலோஜூல்/மோல் என்பது 83.6 செ.மீ.⁻¹. ஆறு நீர் சூழ்ந்த டைட்டானியம்(3+) 20,300 செ.மீ.⁻¹-இல் உறிஞ்சுகிறது. 83.6-ஆல் வகுத்தால் 243 கிலோஜூல்/மோல். அது டி¹, ஒற்றை எலக்ட்ரான் கீழ்த்தளத்தில். 0.4 மடங்கு என்றால் 97 கிலோஜூல்/மோல் நிலைப்படுத்தல். இந்த ஒரு கணக்கு ஐந்து வருட வினாத்தாளில் மூன்று முறை வந்திருந்தது.

5. நெருக்கி இருப்பதா, மாடி ஏறுவதா

திருப்பூரில் லைன் வீடு பார்த்திருப்பீர்கள். கீழே மூன்று அறை, மாடியில் இரண்டு அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடிக்கு வாடகை அதிகம். மூன்று பேர் வந்தால் கீழே ஆளுக்கோர் அறை, சிக்கலே இல்லை. நான்காவது ஆள் வரும்போதுதான் பேச்சு. மாடிக்குக் கூடுதல் வாடகை கொடுத்துத் தனியாக இருப்பதா, கீழேயே ஒருவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு அவர் குறட்டையைச் சகித்துக்கொள்வதா? கூடுதல் வாடகைதான் டெல்டா. குறட்டைதான் இணைசேரும் ஆற்றல்.

வாடகை குறைவு என்றால் மாடி ஏறுவார்கள், அது உயர் சுழற்சி. வாடகை தாங்காது என்றால் கீழேயே நெருக்கிக்கொள்வார்கள், அது தாழ் சுழற்சி. இந்தத் தேர்வு டி⁴ முதல் டி⁷ வரைக்கும்தான். டி¹, டி², டி³, டி⁸, டி⁹, டி¹⁰-க்கு எண்முகியில் வேறு வழியே கிடையாது. "டி⁸ உயர் சுழற்சியா, தாழ் சுழற்சியா" என்று ஒரு கேள்வி வந்தால் அது உங்களைக் கவிழ்க்க வைத்த கேள்வி.

எண்ணோடு ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம். இரும்பு(2+), டி⁶. இணைசேரும் ஆற்றல் சுமார் 17,600 செ.மீ.⁻¹.

ஆறு நீர் சூழ்ந்தால் டெல்டா 10,400. உயர் சுழற்சியில் கீழே நான்கு, மாடியில் இரண்டு: 4 × (-0.4) + 2 × 0.6 = -0.4 டெல்டா. அதாவது -4,160. தாழ் சுழற்சியாக்கினால் ஆறும் கீழே: -2.4 டெல்டா, -24,960. ஆஹா, தாழ் சுழற்சிதான் என்று இங்கே நிறுத்திவிடாதீர்கள். இரண்டு இணைகள் கூடுதலாகச் சேர்கின்றன, அதற்கு 35,200 கொடுக்க வேண்டும். கூட்டினால் +10,240. நட்டம். ஆகவே உயர் சுழற்சி.

ஆறு சயனைடு சூழ்ந்தால் டெல்டா சுமார் 32,800. உயர் சுழற்சி: -13,120. தாழ் சுழற்சி: -78,720 + 35,200 = -43,520. சந்தேகமில்லாமல் தாழ் சுழற்சி.

இணை எண்ணுவதில் கவனம். தாழ் சுழற்சி டி⁶-இல் மொத்தம் மூன்று இணைகள் இருக்கின்றன, ஆனால் ஒன்று உயர் சுழற்சியிலும் இருந்ததுதான், தனி அயனியிலும் இருந்ததுதான். புதிதாக வந்தவை இரண்டு. இரண்டுக்குத்தான் பணம் கட்ட வேண்டும். மூன்றுக்குக் கட்டினால் விடை தப்பு.

இன்னொன்று. "நீர் என்றால் உயர் சுழற்சி" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். ஆறு நீர் சூழ்ந்த கோபால்ட்(3+) தாழ் சுழற்சி. ஈனியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும், உலோகத்தின் சுமையையும் சேர்த்துப் பாருங்கள்.

6. காந்தத் திருப்புத்திறன்

அணைவு எவ்வளவு காந்தத் தன்மை உடையது என்பதன் அளவு இது. சுலபம். இணையாகா எலக்ட்ரான் எண்ணிக்கையை எடுத்து, அதை அதனோடு இரண்டு கூட்டியதால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். ஒன்றுக்கு 1.73, இரண்டுக்கு 2.83, மூன்றுக்கு 3.87, நான்குக்கு 4.90, ஐந்துக்கு 5.92 போர் மேக்னட்டான். ஐந்து எண்களையும் மனப்பாடம் செய்யுங்கள், இந்தப் பாடத்தில் மனப்பாடத்துக்குத் தகுதியான இடம் இதுதான். மேலே பார்த்த இரும்பு நீர் அணைவுக்கு 4.90 வரவேண்டும், சயனைடு அணைவுக்குப் பூஜ்யம். சோதனையில் அளந்த மதிப்பு இதிலிருந்து கொஞ்சம் விலகி வரும். ஆர்பிட்டால் இயக்கத்தின் பங்கை இந்தச் சூத்திரம் சேர்ப்பதில்லை.

7. உரக்கடைக்கு ஒரு நடை

நிறம் பற்றிய பகுதியைப் புத்தகத்தில் படித்தபோது எனக்குத் தூக்கம் வந்தது. அப்பாருக்கு மருந்து வாங்க உரக்கடைக்குப் போனபோதுதான் விழித்துக்கொண்டேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசையாக அடுக்கியிருந்தவை எல்லாம் நீர் ஈனியாக உள்ள டி-தொகுதி உலோக உப்புகள். மயில்துத்தம் (தாமிர சல்பேட்), அன்னபேதி (இரும்பு(2+) சல்பேட்), ஜிங்க் சல்பேட், மாங்கனீசு சல்பேட்.

"ஏனுங் தம்பி, தென்னைக்கா பாக்குக்கா?" என்றார் கடைக்காரர்.

"படிக்கறதுக்குங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் பொட்டலம் கட்டிக்கொடுத்தார். மயில்துத்தம் மட்டும் கால் கிலோ. எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

வீட்டில் நான்கு பழைய கண்ணாடிப் பாட்டில்களில் தனித்தனியாகக் கரைத்து ஜன்னலோரம் வைத்தேன். டெல்டா அளவு ஒளியை உறிஞ்சி எலக்ட்ரான் கீழ்த்தளத்திலிருந்து மாடிக்குத் தாவும், மிஞ்சிய ஒளிதான் நாம் பார்க்கும் நிறம். இதற்கு டி-டி தாவல் என்று பெயர். ஜிங்க் தண்ணீர் மாதிரியே இருந்தது. டி¹⁰, மாடியிலும் இடமில்லை, எலக்ட்ரான் எங்கே தாவும்? மாங்கனீசு அருகில் போய்ப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு இளஞ்சிவப்பு. உயர் சுழற்சி டி⁵. ஐந்தும் ஒரே திசையில் சுழல்கின்றன, தாவ வேண்டுமென்றால் ஒன்று சுழற்சியைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அதற்கு அனுமதியில்லை. அன்னபேதி வெளிர்பச்சை, அதன் உறிஞ்சல் 10,400 செ.மீ.⁻¹-இல், அதாவது அகச்சிவப்பில், ஓரம் மட்டும் சிவப்பில் எட்டிப் பார்க்கிறது. இரண்டு நாளில் அது பழுப்பாகிவிட்டது, காற்று பட்டு இரும்பு(3+) ஆகிவிட்டது. மயில்துத்தம் பளிச்சென்ற நீலம்.

தாமிரம்(2+) டி⁹ பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மாடியில் இரண்டு அறைக்கு மூன்று எலக்ட்ரான். இந்தச் சமனின்மையால் எண்முகி ஒரு பக்கமாக நீண்டுவிடும். மயில்துத்தப் படிகத்தில் நான்கு நீர் மூலக்கூறுகள் சுமார் 1.97 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் ஒரே தளத்தில் இருக்கின்றன. மேலும் கீழும் சல்பேட்டின் ஆக்சிஜன்கள் சுமார் 2.4 தூரத்தில். ஐந்தாவது நீர் உலோகத்தைத் தொடுவதே இல்லை, ஹைட்ரஜன் பிணைப்பில் தொங்குகிறது. "ஐந்து நீரும் ஈனி" என்று எழுதி மதிப்பெண் இழக்காதீர்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு நிமிட வேலை ஒன்று செய்யுங்கள். மயில்துத்தக் கரைசலில் அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் வெளிர்நீல வீழ்படிவு. நிறுத்தாமல் விடுங்கள், வீழ்படிவு கரைந்து அடர்நீலம் ஆகும். நீர் ஈனியாக இருந்தபோது உறிஞ்சல் 800 நானோமீட்டர் அருகில் இருந்தது, நான்கு அமோனியா உள்ளே வந்ததும் 600 அருகில் வந்துவிட்டது. ஈனி மாறி டெல்டா கூடியதைக் கண்ணால் பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. அமோனியாவை வீட்டில் திறக்காதீர்கள், கண் எரியும். மயில்துத்தம் விஷம், சமையல் டம்ளரில் கரைக்காதீர்கள், வாய்க்காலிலோ கிணற்றிலோ கொட்டாதீர்கள்.

நிறம் கண்டதெல்லாம் டி-டி தாவல் என்று எண்ணுவது அடுத்த வழுக்கல். பெர்மாங்கனேட்டின் கத்தரிப்பூ நிறத்துக்கு இந்தப் பாடத்தில் விடை இல்லை. மாங்கனீசு(7+) டி⁰, நான்முகி, ஆக்சிஜனிலிருந்து உலோகத்துக்கு எலக்ட்ரான் தாவும் மின்சுமை மாற்றம் அது. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் டர்காய்ஸ் ப்ளூ என்று ஒரு சாயம் ஓடும், அது தாமிர தாலோசயனின் வகை. தாமிரம் இருக்கிறதே என்று டெல்டா கணக்குப் போடத் தொடங்காதீர்கள், அந்த நிறம் பெரும்பாலும் ஈனி வளையத்தின் பை எலக்ட்ரான்களுடையது.

8. இனி மின்சுமைக் கதையை விட்டு இறங்குங்கள்

இதுவரை ஈனியை வெறும் எதிர்மின்சுமைப் புள்ளியாக வைத்துப் பேசினோம். அது உண்மையென்றால் சுமையுள்ள ஃபுளோரைடுதான் பெரிய பிளப்பைத் தரவேண்டும். சுமையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வரிசையின் வால்பக்கம் கிடக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. ஹைட்ராக்சைடுக்குச் சுமை உண்டு, ஆனால் நீருக்குக் கீழே நிற்கிறது. இந்த இடத்தில் படிகபுலக் கொள்கை (ஈனியை மின்சுமைப் புள்ளியாக வைத்து இதுவரை பேசிய முறை) கையை விரித்துவிடும். கணக்குப் போட அது போதும், காரணம் சொல்ல, உலோகத்தின் ஆர்பிட்டாலும் ஈனியின் ஆர்பிட்டாலும் கலந்து உருவாகும் மூலக்கூறு ஆர்பிட்டால் வேண்டும்.

பயப்பட ஒன்றுமில்லை. மறுபடியும் அந்த உருளைக்கிழங்கை எடுங்கள் (வாடியிருக்கும், பரவாயில்லை). உலோகத்திடம் ஒன்பது ஆர்பிட்டால்கள்: 3டி ஐந்து, 4எஸ் ஒன்று, 4பி மூன்று. ஈனிகளிடம் குச்சிக்கு ஒன்றாக ஆறு. குச்சியின் திசையில் கைகொடுக்க வாகானவை உலோகத்தில் எவை? எஸ் எல்லாத் திசையிலும் இருக்கிறது, அது ஒன்று. பி மூன்றும் அச்சுகளின் மேலேயே இருக்கின்றன. டி-யில் மாடி இரண்டு. ஆக ஆறு. ஆறுக்கு ஆறு சரியாகப் பொருந்தி, ஆற்றல் இறங்கிய ஆறு பிணைப்பு ஆர்பிட்டால்களும் ஆற்றல் ஏறிய ஆறு எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்களும் உருவாகின்றன. சந்தில் நிற்கும் டி மூன்றுக்கும் சிக்மா வழியில் (குச்சியின் திசையில் நேருக்கு நேர்) ஜோடி கிடைப்பதில்லை, அவை பிணையா ஆர்பிட்டால்களாகவே நின்றுவிடுகின்றன. மொத்தம் பதினைந்து.

ஈனிகள் கொண்டுவந்த பன்னிரண்டு எலக்ட்ரான்களும் ஆறு பிணைப்பு ஆர்பிட்டால்களை நிரப்பிவிடும். உலோகத்தின் டி-எலக்ட்ரான்களுக்கு மிஞ்சியது பிணையா மூன்றும், அதற்குமேல் எதிர்பிணைப்பு இரண்டும். மூன்று கீழே, இரண்டு மேலே. அதே படம்! மாடி ஏன் உயரத்தில் இருக்கிறது என்ற காரணம் மட்டும் மாறிவிட்டது. விலக்கத்தால் ஏறியதாகச் சொன்னோம், உண்மையில் அது ஈனியோடு சேர்ந்ததன் எதிர்பிணைப்புப் பாதி. மாடியில் எலக்ட்ரான் ஏற ஏற உலோக-ஈனிப் பிணைப்பு தளர்வதும் இதனால்தான்.

வரைபடம் போடும்போது உலோக எலக்ட்ரான்களைக் கீழே உள்ள ஆறு பிணைப்புக் கோடுகளில் போட்டுவிடாதீர்கள். முதலில் பன்னிரண்டை நிரப்புங்கள், அப்புறம் டி-எலக்ட்ரான். குரோமியம் ஹெக்ஸாகார்பனைலில் பன்னிரண்டும், குரோமியத்தின் ஆறும் சேர்ந்து பதினெட்டு. பதினெட்டு எலக்ட்ரான் விதி என்று தனிப்பாடமாகப் படித்தோமே, அது பிணைப்பு ஆறும் பிணையா மூன்றும் நிரம்பி, எதிர்பிணைப்பு காலியாக இருக்கும் நிலை.

9. பை பிணைப்பு: கீழ்த்தளம் ஏறுவதும் இறங்குவதும்

சந்தில் நிற்கும் மூன்றுக்கும் சிக்மாவில்தான் ஜோடி இல்லை. பக்கவாட்டில் உண்டு, அதுதான் பை பிணைப்பு.

குளோரைடு, ஃபுளோரைடு மாதிரி ஈனிகளிடம் நிரம்பிய பி ஆர்பிட்டால்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. அவை கீழ்த்தளத்தோடு கலக்கும்போது கீழ்த்தளம் எதிர்பிணைப்பாகி மேலே தள்ளப்படுகிறது. மாடி அங்கேயே நிற்க, கீழ்த்தளம் ஏறினால் இடைவெளி குறையும். டெல்டா சிறியது, உயர் சுழற்சி.

கார்பன் மோனாக்சைடு, சயனைடிடம் இருப்பவை காலியான எதிர்பிணைப்புப் பை ஆர்பிட்டால்கள், ஆற்றலில் உயரமானவை. அவை கீழ்த்தளத்தைக் கீழே அழுத்துகின்றன. இடைவெளி விரிகிறது. டெல்டா பெரியது, தாழ் சுழற்சி. அமோனியாவிடம் பக்கவாட்டில் எதுவுமில்லை, அதனால் நடுவில் நிற்கிறது. வரிசை முழுவதையும் இந்த ஒரே காரணத்தால் திருப்பி எழுதிப் பாருங்கள்: பை கொடுப்பவை இடது கோடியில், எதுவும் செய்யாதவை நடுவில், பை வாங்குபவை வலது கோடியில். பஸ்ஸில் நான் முணுமுணுத்த மந்திரம் அன்றைக்கே தேவையில்லாமல் போனது.

உலோகத்தின் எலக்ட்ரான் கார்பன் மோனாக்சைடின் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குப் போகிறது என்பதற்குச் சாட்சி கேட்டால் அகச்சிவப்பு நிறமாலையைச் சொல்லுங்கள். தனி கார்பன் மோனாக்சைடின் அதிர்வு 2143 செ.மீ.⁻¹, குரோமியம் ஹெக்ஸாகார்பனைலில் அது சுமார் 2000-க்கு இறங்கிவிடுகிறது. கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு பலவீனமாகியிருக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டு எண்ணையும் எழுதினால் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஐந்தும் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

10. நாளும் செலவும்

எனக்கு ஆன நேரம் இது: கிழங்கும் குச்சியும் ஒரு மாலை. எலக்ட்ரான் எண்ணிக்கை அரை மணி நேரம், ஆனால் இருபது அணைவுகளுக்குப் போட்டுப் பார்க்க இன்னொரு மாலை. உயர், தாழ் சுழற்சிக் கணக்கு நான்கு நாள், இதில் அவசரப்படாதீர்கள். மூலக்கூறு ஆர்பிட்டால் ஒரு வாரம், அதில் முதல் இரண்டு நாள் ஒன்றுமே புரியாது. என்பிடெல் வீடியோக்கள் இலவசம், சான்றிதழ் தேர்வு எழுதினால்தான் கட்டணம். பழைய வினாத்தாள் ஒரு வாரம். மொத்தம் மூன்று வாரம், தினம் இரண்டு மணி நேரம். தேர்வுக்கு முந்தின நாள் தொடங்கினால் நான்காம் படியோடு நின்றுவிடும்.

எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. எண்ணாக விடை எழுதும் கேள்விகளுக்குத் தவறுக்கு மதிப்பெண் பிடித்தம் இல்லை. காந்தத் திருப்புத்திறனும் நிலைப்படுத்தல் ஆற்றலும் அங்கே கேட்க ஏற்றவை. அவற்றை விட்டுவிடாதீர்கள்.

பாடத்துக்கான செலவு: ஜெராக்ஸ் ஐம்பது, உரக்கடையில் இருநூறுக்குள், நோட்டு ஒன்று. கிழங்கை அம்மிச்சி குழம்பில் போட மறுத்துவிட்டார், அது நட்டம். மிச்சமிருந்த மயில்துத்தத்தை அப்பாரு எடுத்துக்கொண்டு போய், நூறு லிட்டருக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்ற கணக்கில் தென்னைக்குப் போர்டோ கலவையில் சேர்த்துவிட்டார். அதைச் செலவிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.